அயலார் கறியும் எம்மவர் அடுக்களையும்

ஒரு மக்கட்கூட்டம் பிறரிடமிருந்து எவற்றைக் கடன் வாங்குகிறது என்பதைக் காட்டிலும், எவ்வாறு வாங்குகிறது என்பதே அதன் அறிவை அளக்கும் கோலாகும். சட்டமும் அரசியலும் கல்வியும் ஒருபுறமிருக்க, அடுக்களையை நோக்கினாலே இவ்வுண்மை புலனாகும். ஈழத்துத் தமிழர் பலர் அடுக்களையைக் 'குசினி' என்பர்; அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். காலையில் நாம் உண்ணும் 'பாண்' அவர்தம் மொழியினின்று வந்ததே. கறிக்குக் காரம் ஏற்றும் மிளகாயோ அமெரிக்காவிற் பிறந்து அவர்தம் கப்பலேறி வந்த காய். ஆயினும் மிளகாயின்றி எமக்குக் கறியில்லை என்னுமளவுக்கு அதனை எமதாக்கிக் கொண்டோம். மிளகு என்ற பழஞ்சொல்லோடு காய் என்பதைச் சேர்த்து எம் முன்னோர் பெயரிட்டபோதே அந்த அயற்காய் தமிழ்க்காயாகிவிட்டது. இது கடன் வாங்கத் தெரிந்தவர் செயல்.

இற்றை நாளில் நாம் வாங்கும் கடன் அத்தகையதன்று. நகரத்து உணவகங்களிலும் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளிலும் அயல்நாட்டு உணவுகள் பல அறிமுகமாகின்றன. அவற்றைக் கண்டு ஆசைப்படுவோர், போத்தலில் அடைத்த எண்ணெயையும், பெட்டியில் அடைத்த உலர்ந்த இலையையும், பளபளக்கும் தாளிற் சுற்றிய காயையும் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். உணவின் பெயரைப் பிழையின்றி உச்சரிக்கவும் பழகிக் கொள்கின்றனர். ஆனால் அவ்வுணவு பிறந்ததற்குக் காரணமான எண்ணம் எதுவோ, அதைமட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வருகின்றனர். பொருளை வாங்கி முறையை விடுகின்ற இந்தக் கடன், வீட்டுக்கும் நாட்டுக்கும் பயன்படாத கடன்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகப் பிரெஞ்சு நாட்டவர் கோடைகாலத்தில் ஆக்கும் 'ரட்டட்டூயி' என்னும் காய்கறிக் குழம்பை எடுத்துக் கொள்வோம். கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், சுக்கினி என்னும் பிஞ்சுப் பூசணி, வெங்காயம், வெள்ளைப்பூண்டு ஆகியவற்றை ஒலிவ எண்ணெயில் வதக்கி, மெல்லிய தீயில் நெடுநேரம் வைத்துக் குழைவிக்கும் கறி அது. இக்கறியை எமது வீடுகளிலும் ஆக்க வேண்டும் என்பதே எமது கருத்து. ஆனால் கப்பலில் வந்த பொருள்களைக் கொண்டன்று. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில் வில்கமுவ போன்றதொரு கிராமப் பிரதேசத்தில் வேலியோரம் காய்த்துக் கிடப்பவற்றைக் கொண்டு ஆக்க வேண்டும். அவ்வாறு ஆக்கினால்தான் அது உண்மையான ரட்டட்டூயி ஆகும் என்றுங்கூடச் சொல்லத் துணிகின்றோம். காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, இக்கறி உயர்குடிப் பிறந்ததன்று. அதன் பெயரிலே ஒட்டியிருப்பது 'கிளறுதல்' என்று பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பெயர் பிரெஞ்சு மொழியில் வழங்கத் தொடங்கியபோது, நயமற்ற கலப்புக் குழம்பு என்பதே அதன் பொருள். படைவீரர் தமக்கு இடப்பட்ட அவரையும் கிழங்கும் கொழுப்பும் கலந்த உணவை அதன் முற்பாதியால் 'ரட்டா' என்று எள்ளி அழைத்தனர். இன்று நாம் அறியும் காய்கறிக் குழம்புக்கு அப்பெயர் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதனைத் தம் கறியென உரிமை கொண்டாடும் நீஸ் நகரமும், 1860ஆம் ஆண்டிலே சார்தீனிய அரசிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறிய நகரமாகும். ஆகவே, பிரெஞ்சுப் பண்பாட்டின் தொன்மைச் சின்னமென்று நாம் வியக்கும் இக்கறி, வசைப்பெயர் சூடிய ஏழைக் கறியே. அதுவும் ஓர் எல்லைப்புறத்து ஊரின் கறியே.

கோடை முற்றிய காலத்தில் அந்நாட்டுத் தோட்டங்களில் இக்காய்கள் அனைத்தும் ஒரே வேளையில் காய்த்துக் குவிகின்றன. உண்ணவும் மாளாது, விற்கவும் விலை போகாது. அந்நிலையில் குடியானவர் வீட்டுப் பெண்கள் கண்ட வழியே இது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் பலவற்றில் இதன் உடன்பிறப்புகள் உண்டு. சிசிலித் தீவினர் 'கப்பொனாட்டா' என்பர். ஸ்பானியர் 'பிஸ்டோ' என்பர். துருக்கியர் 'துர்லு' என்பர். ஒன்றைப் பார்த்து ஒன்று ஆக்கப்பட்டதா என்று ஆராய்வதிலும், ஒரே வகையான வெயிலும் ஒரே வகையான மிகுவிளைச்சலும் ஒரே வகையான அறிவைத் தோற்றுவித்தன என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டாவது, இக்கறியிலுள்ள காய்களின் குலத்தை விசாரித்தால் பிரெஞ்சு மண்ணைப் பிறப்பிடமாகக் கொண்டது ஒன்றேனும் இல்லை. தக்காளியும் குடைமிளகாயும் பூசணியினமும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பின்னரே ஐரோப்பாவைக் கண்டவை. சுக்கினி என்னும் வகை 19ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியிலே தேர்ந்து வளர்க்கப்பட்டது. கத்தரிக்காயோ இந்தியாவும் அதனைச் சூழ்ந்த ஆசிய நிலங்களும் உலகுக்கு அளித்த கொடை. பாரசீகர் வழியாக அரபியர் அதனைப் பெற்றனர். அரபியர் மேற்கே கொண்டு சென்றனர். 'பாதிஞ்சான்' என்ற அரபுப் பெயர், முன்னொட்டோடு கத்தலான் மொழியிலே புகுந்து, பிரெஞ்சிலே 'ஓபெர்ஜின்' என்றாயிற்று. அதே பெயர் போர்த்துக்கேயரின் நாவில் வேறு வடிவம் பெற்று, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் திரும்பி வந்து 'பிரிஞ்சால்' என்று வழங்கியது. வீட்டை விட்டுப் போன பிள்ளை, வேற்றுப் பெயரோடு வீட்டுக்கு வந்த கதை இது.

இன்னும் ஒரு படி மேலே சென்று, இப்பெயர்த் தொடரின் அடியிலே திராவிடச் சொல்லொன்று இருக்கக்கூடும் என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர். கத்தரிக்காய்க்குப் பழந்தமிழ்ப் பெயர் வழுதுணங்காய் என்பது ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்ததே. புல்வேளூர்ப் பூதன் என்பான் வரகுச் சோற்றோடு இக்காயின் வதக்கலையும் மோரையும் இட்ட விருந்தை ஔவையார் வியந்து பாடியதாக வழங்கும் தனிப்பாடலையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசர் விருந்துக்கு அளிக்காத பெருமையை ஓர் ஏழைக் குடியானவனின் கத்தரிக்காய்க்கு அளித்த மரபு எம்முடையது. அந்த மரபினர், கத்தரிக்காய் பாரிஸ் நகரப் பெயர் சூடி வந்தால்தான் அதைத் தட்டில் வைப்போம் என்பது எத்துணைப் பேதைமை!

அப்படியாயின், இக்கறியிலே கடன் வாங்கத்தக்கது எதுவுமே இல்லையா என்று வாசகர் வினவலாம். உண்டு. அது அதன் முறை. எம் நாட்டிலும் பல காய்களை ஒன்றுசேர்க்கும் கறிகள் உள்ளன. திருவாதிரைக் களியோடு உண்ணும் ஏழுகறிக் கூட்டு தமிழ்நாட்டிலே பெயர் பெற்றது. சிங்கள மக்கள் புத்தாண்டுக் காலத்தில் 'ஹத் மாளுவ' என்று ஏழு காய்களைச் சேர்த்து ஆக்குவர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல காய்களைத் தேங்காய்ப்பாலில் அவிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் இவற்றிற் பெரும்பாலானவை எல்லாக் காய்களையும் ஒரே சட்டியிலே, கடினமானது முன்னும் மென்மையானது பின்னுமாக, நீரிலோ பாலிலோ அவிப்பவை. புளியும் பாலும் தூளும் சேர்ந்து அவற்றுக்கு ஒரு பொதுச் சுவையைத் தருகின்றன.

ரட்டட்டூயியைச் செவ்வனே ஆக்குவோர் இதற்கு மாறாகச் செய்வர். ஒவ்வொரு காயையும் தனித்தனியே எண்ணெயில் வதக்கி எடுத்து வைப்பர். இறுதியிலேதான் அனைத்தையும் ஒன்றுசேர்த்து, ஒரு துளி நீரும் விடாமல், காய்களின் சாற்றிலேயே குழையவிடுவர். இது வீண் சடங்கன்று, காரணமுடையது. கத்தரிக்காயின் சதை கடற்பஞ்சு போன்று காற்றறைகள் நிரம்பியது; சூடான எண்ணெயை அப்படியே குடித்துவிடும். வெட்டிய துண்டுகளில் உப்பைத் தூவி அரைமணி நேரம் வைத்தால் நீர் கசிந்து அவ்வறைகள் ஒடுங்கும். பின்பு குடிக்கும் எண்ணெய் குறையும். தக்காளியின் புளிப்பு மற்றைக் காய்கள் மென்மையாவதைத் தடுக்கும் இயல்புடையது. ஆதலால் அவை பாதி வெந்த பின்னரே அதனோடு கூட வேண்டும். பூசணிப் பிஞ்சு நீர் மிகுந்தது. நெருக்கி இட்டால் வதங்காது அவிந்துவிடும். ஆதலால் அகன்ற சட்டியில் இடைவெளி விட்டு வதக்க வேண்டும். ஒவ்வொரு காயின் குணத்தையும் அறிந்து, அதற்குரிய நேரத்தை அதற்குக் கொடுத்து, பின்பு ஒற்றுமைப்படுத்துவதே இம்முறையின் சாரம். தம் முகத்தை இழக்காமல் பல ஒன்றாகும் இந்தப் பண்பு, அடுக்களைக்கு வெளியேயும் எம் நாட்டுக்கு வேண்டப்படுவதே.

எம்மவர் இம்முறைக்கு முற்றிலும் புதியவரல்லர். இலங்கையில் விருந்துகளிலே இடம்பெறும் கத்தரிக்காய் மோஜுவை நினைத்துப் பாருங்கள். கத்தரிக்காயைத் தனியே பொரித்து, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் தனியே வாட்டி, கடுகும் காடியும் சேர்த்துப் பின்பு கூட்டுகின்றோம். ஆகவே, முறையின் ஒரு பாதி ஏற்கனவே எம் கையில் இருக்கின்றது. அதனைப் பல காய்களுக்கு விரிப்பதும், காடிக்குப் பதில் தக்காளியின் புளிப்பைப் பயன்படுத்துவதும், பொரிப்பதைக் குறைத்துக் குழைவிப்பதைக் கூட்டுவதுமே புதிதாகக் கற்க வேண்டியவை.

இனி, வில்கமுவவுக்குச் செல்வோம். நக்கிள்ஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, மகாவலி நதிக்கு மேற்கே, 1984ஆம் ஆண்டில் தேசிய வனமாக அறிவிக்கப்பட்ட வஸ்கமுவக் காட்டை அடுத்துக் கிடக்கும் பிரதேசம் அது. பெரும்பாலும் சிங்களக் கமக்காரர் வாழும் இடம். வயலும் சேனையும் வீட்டுத் தோட்டமுமே அவர்தம் வாழ்வு. நீஸ் நகரத்தின் கோடை ஆண்டில் சில மாதங்களே நீடிப்பது. இங்கோ வெயிலுக்குப் பஞ்சமில்லை. கத்தரியும் தக்காளியும் கறிமிளகாயும் பூசணியும் இவ்வுலர் வலய மண்ணுக்கு உறவினர். மாத்தளை மாவட்டத்தின் பெரிய வெங்காயமோ நாடறிந்தது. சிறுபோகத்திலே அதனை விளைவிப்பதில் முன்னணியில் நிற்கும் மாவட்டம் இது. மிளகும் இம்மாவட்டத்தின் பெருமைகளுள் ஒன்று. இத்தனையும் உள்ள இடத்தில் பிரெஞ்சுக் கறிக்குப் பிரான்சிலிருந்து வரவேண்டியது யாது?

சுக்கினி கிடையாதே எனலாம். சுக்கினி பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிஞ்சாக இருக்கும்போதே பறிக்கப்படுவது என்பதே அதன் சிறப்பு. எனவே எம் பூசணிக்கொடியின் பிஞ்சே அதற்கு நெருங்கிய இனம். பிஞ்சுப் பீர்க்கங்காயும் தகும். ஒலிவ எண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் உண்டு. அவர்கள் இடும் 'தைம்' என்னும் பூண்டின் மணத்துக்குக் காரணம் தைமோல் என்னும் வேதிப்பொருள். எம் வீட்டு ஓமத்தின் மணத்துக்கும் அதுவே காரணம். ஆகவே ஒரு சிட்டிகை ஓமம் அந்தப் பெட்டி இலையின் வேலையைச் செய்துவிடும். அவர்கள் இறுதியிலே தூவும் 'பசில்' இலை வேறெதுவுமன்று. தமிழர் திருநீற்றுப் பச்சிலை என்று அழைக்கும் செடியின் இலையே அது. அதன் விதையைத்தான் இலங்கையிலே 'கசகசா' என்று சொல்லிக் குளிர்பானத்தில் ஊறவிட்டுக் குடிக்கின்றோம். விதையை விலைக்கு வாங்கிக் குடிப்போர், இலையை அயல்நாட்டுச் சரக்கென்று எண்ணி மயங்குவது வியப்பே.

நால்வர் உண்ணத்தக்க அளவைக் கூறுவோம். கத்தரிக்காய் 500 கிராம், பூசணிப் பிஞ்சு 400 கிராம், கறிமிளகாயோ குடைமிளகாயோ 200 கிராம், பெரிய வெங்காயம் 250 கிராம், நன்கு பழுத்த தக்காளி 500 கிராம், வெள்ளைப்பூண்டு 6 பல், தேங்காயெண்ணெய் 6 மேசைக்கரண்டி, ஓமம் கால் தேக்கரண்டி, இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, உப்பு அளவாக. கத்தரிக்காயை ஓர் அங்குலத் துண்டுகளாக்கி உப்பிட்டு வைத்து, அரைமணி கழித்துப் பிழிந்து துடைக்க. அகன்ற சட்டியில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் கத்தரிக்காயையும், பின்பு பூசணிப் பிஞ்சையும், பின்பு கறிமிளகாயையும் தனித்தனியே பொன்னிறமாக வதக்கி எடுக்க. அதே சட்டியில் வெங்காயத்தைக் குறைந்த தீயில் கால்மணி நேரம் வாட்டி, பூண்டும் ஓமமும் சேர்த்து, தக்காளியை வெட்டியிட்டு, அது திரண்டு எண்ணெய் பிரியும்வரை விடுக. வதக்கி வைத்த காய்களை இப்போது கூட்டி, மூடி, மெல்லிய தீயில் அரைமணி நேரம் வைத்து இறக்குக. மிளகும் திருநீற்றுப் பச்சிலையும் இறுதியிலே இடுக. மஞ்சளும் கறித்தூளும் சேர்த்தல் ஆகாது. சேர்த்தால் நல்ல கறி கிடைக்கும்; ஆனால் காய்களின் தனிச்சுவையை அறியும் வாய்ப்புப் போய்விடும். சூடாக உண்பதிலும் ஆறியபின் உண்பதிலே சுவை மிகும் என்பர். சோற்றோடும் பாணோடும் ரொட்டியோடும் பொருந்தும்.

இஃது ஒரு சமையற் குறிப்பாக மட்டும் நின்றுவிடுமாயின் இலக்கியப் பகுதியில் இதற்கு இடமில்லை. பொருள் அதனினும் பெரிது. மாத்தளை மாவட்டத்தின் காய்கறிகளும் பிற மாவட்டங்களின் காய்கறிகளும் வந்து குவியும் பெருஞ்சந்தை தம்புள்ளையிலுள்ள விசேட பொருளாதார மத்திய நிலையம். 1999ஆம் ஆண்டிலிருந்து அது இயங்கி வருகின்றது. விளைச்சல் மிகும் வாரங்களில் அங்கே விலை வீழ்வதும், கொண்டு வந்த மூட்டைகளைத் திரும்பக் கொண்டு செல்லும் கூலிக்கும் கட்டாது கமக்காரர் அவற்றைக் கொட்டிவிட்டுச் செல்வதும் செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் காட்சி. இலங்கையில் அறுவடைக்குப் பின் வீணாகும் காய்கறியும் கனியும் விளைச்சலில் 30 முதல் 40 சதவீதம் வரை என்று விவசாய ஆய்வாளர் மதிப்பிடுவர்.

இதன் மறுபக்கத்தையும் நாடு கண்டிருக்கின்றது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை கமங்களைத் தாக்கியது. 2022 செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஓராண்டில் உணவின் விலை ஏறக்குறைய இரட்டித்தது என்பதே இதன் பொருள். ஒரு வாரம் வீதியோரம் கொட்டப்படும் காய், மறுபருவத்திலே ஏழையின் கைக்கு எட்டாத காயாகின்றது. வில்கமுவக் கமக்காரனுக்கோ இவற்றோடு யானையும் ஒரு கவலை. காட்டோரக் கிராமங்களில் யானை விரும்பாத தோடை மரங்களை வீட்டுத் தோட்டங்களைச் சூழ நட்டுப் பார்க்கும் முயற்சி அப்பகுதியில் நடைபெற்று வருகின்றது. அத்தகைய காவலுக்குள்ளே இரவெல்லாம் விழித்திருந்து காத்த கத்தரிக்காயைக் குப்பையிலே கொட்டுவது, காயை மட்டுமன்று, ஒருவனது உறக்கத்தையும் கொட்டுவதாகும்.

ஒரு குழம்பு சந்தையைச் சீர்திருத்திவிடும் என்று நாம் சொல்லவில்லை. களஞ்சியங்களும் குளிர்சாதன வசதியும் நல்ல வீதிகளும் நேர்மையான விலையும் வேண்டும். அவை அரசின் கடமை. ஆனால் மிகுவிளைச்சலை மதிக்கும் அறிவு அடுக்களையில் இல்லாவிடின், சந்தையின் சீர்திருத்தமும் முழுப்பயன் தராது. காய் மலிந்த நாளிலே 2 கிலோவை வாங்கி ஒரே சட்டியிலே ஒடுக்கத் தெரிந்த குடும்பம், தன் செலவையும் குறைக்கின்றது, கமக்காரனுக்கும் உதவுகின்றது. ரட்டட்டூயியின் உட்பொருள் இதுவே.

இக்கறி இங்கிலாந்திலே பரவிய வரலாறும் சிந்திக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் பின் பங்கீட்டு உணவிலே வாடிய அந்நாட்டு மக்களுக்கு, எலிசபெத் டேவிட் என்னும் அம்மையார் 1950ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவு பற்றி ஒரு நூல் எழுதினார். இக்கறியும் அதில் இடம்பெற்றது. அப்போது அங்கே பங்கீடு நீங்கவில்லை. அது முற்றாக நீங்கியது 1954இல்தான். ஒலிவ எண்ணெயை மருந்துக்கடையிலே தேடும் நிலை இருந்தது. ஆயினும் அந்நூல் அவர்களுக்குக் காய்கறியை மதிக்கக் கற்பித்தது. எழுதி வைத்ததால் ஓர் ஏழைக் கறி கடல் கடந்தது. 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சித்திரத் திரைப்படம் அப்பெயரை உலகெங்கும் பரப்பியது. அப்படத்திலே அழகாக அடுக்கிக் காட்டப்பட்ட தட்டு, மிஷேல் கெரார் என்னும் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் 1976இல் அமைத்த புதுவடிவத்தைத் தழுவியது. அதற்கு அவர் சூட்டிய பெயரோ துருக்கியரின் கத்தரிக்காய் உணவொன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் கடன் வாங்க வெட்கப்படவில்லை. வாங்கியதைத் தமதாக்கவும் தவறவில்லை.

எதிர்வாதங்களும் உள. எம் கறிகளே போதாவா என்பது ஒன்று. போதும், ஆனால் போதும் என்ற சொல் வளர்ச்சியின் பகை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஈழத்து இலக்கிய உலகில் மண்வாசனை பற்றியும் தேசிய இலக்கியம் பற்றியும் எழுந்த விவாதத்தை இங்கே நினைத்தல் பொருந்தும். சிறுகதை என்னும் வடிவம் மேனாட்டிலிருந்து வந்தது. அதற்காக எம் எழுத்தாளர் லண்டன் மாநகரப் பாத்திரங்களைப் படைக்கவில்லை. என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதையிலே மலையகத்துத் தேயிலைக் கொழுந்தையும் அதனைக் கிள்ளும் கைகளையும் அவ்வடிவத்துள்ளே வைத்தார். வடிவம் அயலாருடையது, உயிர் எம்முடையது. கதையிலே செல்லுபடியான இந்நெறி கறியிலே செல்லாதோ?

மற்றொரு வாதம் கனமானது. தனித்தனியே வதக்கி, ஒன்றரை மணி நேரம் அடுப்பருகே நிற்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வயலுக்கோ வேலைக்கோ போய்த் திரும்பும் அவளிடம் மெல்லிய தீயின் மேன்மையைப் பேசுவது கொடுமை என்பர். 2022இல் சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றதை மறந்துவிட்டு நெடுநேரச் சமையலைப் புகழ்வதா என்றும் கேட்பர். இக்கேள்விகள் நியாயமானவை. முறையைக் கடன் வாங்குகின்றபோது, அதன் சுமையையும் பகிர்ந்து வாங்க வேண்டும் என்பதே எமது விடை. காயை வெட்டுவதும் உப்பிடுவதும் வதக்குவதும் ஆண்மகன் கைக்கு அடங்காத வித்தைகளல்ல. விறகுள்ள இடத்தில் தணலிலே வைத்தால் இறுதி அரைமணி நேரத்துக்கு எவரும் அருகே நிற்க வேண்டியதில்லை. ஒருமுறை ஆக்கியது இருவேளைக்கு உதவும். ஆனால் குளிர்பெட்டி இல்லாத வீட்டில், எம் வெப்பநாட்டில், அன்றே உண்டு முடித்தல் வேண்டும். விடுமுறை நாளிலே வீட்டினர் அனைவரும் கூடி ஆக்குவதற்கு உரிய கறி இது. ஒருத்தியின் முதுகிலே நாள்தோறும் ஏற்றுவதற்கு உரியதன்று. அந்த நிபந்தனை இன்றி இக்கறியை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பிரெஞ்சுக்காரரின் வசைப்பெயர்க் கறி உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம், அதன் சுவை மட்டுமன்று. இன்ன காய், இன்ன அளவு, இன்ன காரணம் என்று அதனை மதித்து எழுதினர். எம் ஊர்களிலே மிகுவிளைச்சலை ஒடுக்கும் கறிகளும் வற்றல்களும் ஊறுகாய்களும் எத்தனையோ உள்ளன. பலவற்றுக்கு அளவு இல்லை, காரணம் எழுதப்படவில்லை, அறிந்த மூதாட்டி மறைந்தால் அதுவும் மறையும். அவற்றை ஏழை உணவென்று நாணி விருந்தினர் கண்ணிலே படாமல் வைக்கின்றோம். ரட்டட்டூயியிடம் நாம் கற்க வேண்டிய இறுதிப் பாடம் இந்த நாணத்தை விடுதல்.

பள்ளிகளிலே மனையியல் ஒரு பாடமாக இருக்கின்றது. பல பள்ளிகளில் தோட்டமும் இருக்கின்றது. ஆசிரியப் பெருமக்கள் ஒரு தவணையிலாவது இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கலாம். தோட்டத்திலே மிகுந்த காயைக் கொண்டு இக்கறியை மாணவரும் மாணவியரும் சேர்ந்து ஆக்கட்டும். பின்பு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலே, காய் மலிந்த பருவத்தில் பாட்டி ஆக்கும் ஒரு கறியை, கிராமும் நிமிடமும் காரணமும் சேர்த்து எழுதி வரட்டும். தமிழ் மாணவர் தமிழிலும் சிங்கள மாணவர் சிங்களத்திலும் எழுதி, ஒருவர் கறியை ஒருவர் மொழிபெயர்த்தால் இன்னும் நன்று. அத்தகைய ஏடுகள் நூறு திரண்டால், அயலார் கறியை நாம் கடன் வாங்கியதற்கு ஈடாக, அயலார் எம்மிடம் கடன் கேட்கும் காலம் வரும். அப்போது கொடுப்பதற்கு எழுத்திலே ஏதேனும் இருத்தல் வேண்டும்.